வெள்ளையடித்த பாறைகள்

— அந்தக் குப்பைக் குமியைக் கிளறாதீங்க மேடம், கையில முள்ளு ஏறிடப் போவுது. எரிஞ்சது போக மிச்சம் ஈரச் செத்தைதான் கெடக்கு. அதுல என்னத்தத் தேடுதீங்க?

— கொடியத் தேடறனுங்க மிக்கேலண்ணா. வேலி மூலையில மூணாவது கல்லுக்கால சுத்தி ஏறியிருந்துச்சுல்லீங்க, ஈஸ்வரமூலிக் கொடி. அது எங்கீங்க?

— புழு புடிச்சுக் கெடந்ததே, அதுவா? அதைத்தான் மொதல்ல புடுங்குனேன். எலைக்கு அடியில எல்லாம் கறுஞ்செவப்பா, முள்ளு முள்ளா, வெரல் தண்டி புழு. மத்த செடிக்கு எறங்கிடக் கூடாதுன்னு அதை மட்டும் தனியாப் போட்டு மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திட்டேன். முப்பத்தஞ்சு வருசம் தேயிலைக் காட்டுல வேலை பாத்தவன் மேடம், அதுல பாதி நாளு சூப்பர்வைசரு. புழுவைக் கண்டா ஒரு ராத்திரி விட்டு வைக்க மாட்டேன்.

— கொளுத்திப்போட்டீங்களா.

— அன்னா, சாம்பலு கெடக்கு பாருங்க. என்ன மேடம், தரையில உக்காந்துட்டீங்க? பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தீங்களா? பிளாஸ்க்குல சாயா இருக்கு, ஒரு மடக்குக் குடிங்க. அப்பாவுக்குக் கண்ணு ஆப்பரேசன் எப்பிடி ஆச்சு?

— ஆச்சுங்க. கட்டுப் பிரிச்சாச்சு. ஏனுங்கண்ணா, நான் ஊருக்கு, நல்லேப்பிள்ளிக்குப் போயி எத்தன நாளுங்க ஆச்சு?

— இன்னியோட ஒம்பது நாளு.

— ஒம்பது நாளு. மூணு வருசமா வளத்துனது. யாருங்கண்ணா இதையெல்லாம் செதுக்கச் சொன்னது?

— நீங்கதான்.

— நானுங்களா?

— வெள்ளிக்கெழமை போன்ல சொல்லலையா? புதன்கெழமை பதினோரு மணிக்குக் கொச்சியில இருந்து டிரஸ்ட் ஆபீசரு வாராரு, ரெண்டாம் தவணைப் பணம் விடுறதுக்கு முன்னால பார்க்கைப் பாக்கணும்னு சொல்லுதாவ, நான் அன்னைக்குக் காலையிலதான் வந்து சேருவேன், நீங்க எல்லாம் ரெடியா வச்சிருங்கன்னு சொன்னீங்க. வச்சாச்சு. ஒரு புல்லு இருக்கா சொல்லுங்க.

— இல்லீங்க. ஒரு புல்லு இல்லீங்க.

— எஸ்டேட்டுல இப்பிடித்தான் மேடம். கம்பெனியில இருந்து தோட்டத்தைச் சோதிக்க வி.ஏ. தொரை வருசத்துக்கு ஒருக்கா வருவாரு. அவரு வாராருன்னா மூணு நாளு முந்தியே கொழுந்து எடுக்கறதை நிறுத்திருவோம். ரோட்டோரம் பூரா செதுக்கி, காவாயைத் தூத்து, சருகு ஒண்ணு கெடக்கக் கூடாது. ஒரு தடவை ஒரு சருகு கெடந்ததுக்கு வேலை மேற்பாக்குற எங்க தோட்டத்துக் கண்டக்டரை தொரை எல்லாரு முன்னாலயும் நாயைப் பேசுற மாதிரி பேசுனாரு. அன்னையில இருந்து எனக்கு அந்தப் பயம் போவலை. எஸ்டேட்டுப் பூட்டி அஞ்சு வருசம் ஆச்சு, ஆபீசரு வாராருன்னு நீங்க சொன்னதும் அப்பவே மம்பட்டியத் தேடி எடுத்துட்டேன்.

— ஐயோ சாமி.

— ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு கோயில் வாசல்லயே சொன்னேன். எட்டுப் பொம்பளையளும் அப்பிடியே வந்துட்டாவ. சீலை கூட மாத்தலை. கூலி வேண்டாம்னுட்டாவ மேடம். நம்ம பார்க்கு, நம்ம மேடத்துக்குப் பேரு கெட்டுரப்பிடாதுன்னு ஞானஜோதிதான் முன்னால நின்னா. மதலேனம்மா முட்டி மடங்காதுல்லா, அவ உக்காந்து உக்காந்து நகந்தே மேல வரைக்கும் செதுக்கிட்டா.

— சொல்லாதீங்கண்ணா. அதையெல்லாம் எங்கிட்டச் சொல்லாதீங்க.

— ஏன் மேடம்? நல்லா இல்லியா? தண்ணி ஓரத்துப் பாறையளைப் பாத்தீங்களா? பாசி புடிச்சுக் கறுகறுன்னு கெடந்துச்சு. தேச்சுக் கழுவி, சுண்ணாம்பு ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன். பாலத்துல இருந்து பாத்தா எப்பிடித் தெரியுது!

— பாத்தனுங்க. பஸ்ஸுல இருந்தே பாத்தன். வெள்ளையா என்னமோ தெரியுது, துணி காயப் போட்டிருக்கறாங்கன்னு நெனச்சுப்போட்டன். அந்தப் பாறையிலதானுங்கண்ணா காட்டுக் காசித்தும்பை இருந்துச்சு. நம்ம சுண்டுவெரல் ஒசரம் கூட இல்லாம, பாசிக்குள்ள வேர விட்டு, ஊதாவாப் பூத்துட்டு.

— அதுவா? அது தன்னால மொளைச்சது மேடம். நாம வச்சது இல்ல.

— தன்னால மொளைக்கோணும்ங்கறதுக்குத்தானுங்கண்ணா காசு குடுத்தாங்க.

— என்னது?

— எங்கப்பாவும் இப்பிடித்தான் கேட்டாரு. 'நெல்லு மொளைக்கோணும்னு பாடுபடறவன் நாங்க, புல்லு மொளைக்கறதுக்கு உனக்கு எவனம்மா சம்பளம் குடுக்கறான்'னு. குடுக்கறாங்கண்ணா. இந்த ஆத்தோரத்துல முன்னால என்னென்ன இருந்துச்சோ அது திரும்பி வரோணும், அதைத் தின்னற பூச்சி வரோணும், பூச்சியத் தின்னற குருவி வரோணும். அதுக்குத்தான் இந்தப் பணம். பஞ்சாயத்துக் குடுத்தது வெறும் எடந்தான். மத்த பார்க்கெல்லாம் ஊஞ்சலும் சிமெண்டு மானும் வெக்கறாங்க, நாங்க அதெல்லாம் வெக்க மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குன காசுங்க இது.

— இருங்க மேடம். நீங்கதான மூணு வருசமா எங்களைக் களை புடுங்கச் சொன்னீங்க? உண்ணிச்செடியைப் புடுங்கு, அந்தப் படர்கொடியைப் புடுங்கு, இது நம்ம ஊருச் செடி இல்ல, அது நம்ம ஊருச் செடி இல்லன்னு வாரம் வாரம் சொல்லி.

— சொன்னனுங்க. நான் பக்கத்துல நின்னு எதுன்னு காட்டுனன், நீங்க புடுங்குனீங்க. எதை விடோணும்னு சொல்லிக் குடுக்காம வுட்டுட்டன். அதுக்குத்தான் செடிக்குச் செடி தகடு கட்டி நம்பர் போட்டு வெச்சிருந்தன், அது போதும்னு இருந்துட்டன்.

— தகட்டுக்கு ஒண்ணும் ஆவலை மேடம். ஒண்ணொண்ணா அவுத்துக் கழுவி, சாக்குல சுத்தி ஷெட்டுல வச்சிருக்கேன். அறுபத்து மூணு. எண்ணிப் பாத்துக்கிடுங்க, ஒண்ணு கொறையாது.

— அறுபத்து மூணு தகடு.

— மரக்கன்னுகளை ஒண்ணுமே செய்யலை, அது என்ன நான் அம்புட்டு மடையனா? நீர்மருது, நாவலு எல்லாம் அப்பிடியே நிக்கி. கவாத்து மட்டும் வெட்டிவுட்டோம்.

— கவாத்தா?

— இடுப்பு மட்டத்துக்கு. ஒண்ணு நெட்டையும் ஒண்ணு குட்டையுமா அசிங்கமா நின்னுச்சு. கயிறு கட்டிப் புடிச்சு ஒரே மட்டத்துக்கு வெட்டிவுட்டோம். தேயிலைக்கு வெட்டுத மாதிரிதான். மேடம், அழுவுதீங்களா? ஏன் அழுவுதீங்க? நான் என்ன செஞ்சிட்டேன்னு சொல்லுங்க. வாயத் தொறந்து சொன்னாத்தான எனக்குத் தெரியும்.

— உங்க மேல கோவம் இல்லீங்கண்ணா. எனக்கு என்ற மேலதான் கோவம். இந்த ஆவணியில ஒரு நாளு, மத்தியானச் சோத்துக்கு எல்லாரும் அந்தப் படிக்கட்டுல உக்காந்திருந்தமே, நெனவிருக்குதுங்களா? ஒரு பெரிய பட்டாம்பூச்சி வந்துச்சு. கறுப்பு ரெக்கை, உள்ள மஞ்சளு. கையகலம்.

— ஆமா, ஞானஜோதி தலைக்கு மேல நின்னு நின்னு போச்சே. மோட்சத்துச் சம்மனசு மாதிரி இருக்குன்னு சந்தனமேரி கூடச் சொன்னா. சோத்தைத் தின்னாம எல்லாவளும் அதையே பாத்துக்கிட்டு இருந்தாவ.

— அது முட்ட வெக்கறதுக்கு எடந் தேடி வந்துச்சுங்க. ஈஸ்வரமூலிக் கொடி மாதிரி ஒரு சில கொடி தவிர வேற எதுலயும் வெக்காது. மொத வருசம் கொடிய நட்டன், வரலை. ரெண்டாம் வருசம் வரலை. இந்த வருசம் வந்துச்சு. நான் ஊருக்குப் போற அன்னைக்கு எண்ணிட்டுத்தான் போனன். பதினேழு புழு.

— அந்தப் புழுவா?

— அந்தப் புழுதானுங்க.

— அந்தப் புழுதான் இந்தப் பூச்சியா ஆவுமா?

— ஆமாங்க.

— யேசுவே.

— இந்த வருச ரிப்போர்ட்ல எழுதி அனுப்பிச்சிருந்தன். வண்டிப்பெரியார்ப் பக்கம் ஒரு பொதுப் பார்க்குல இது முட்ட வெச்சிருக்குதுன்னு. அதைப் பாக்கறதுக்குத்தானுங்க இன்னைக்கு வர்றாங்க. டின்டு டாக்டர்னு ஒரு அம்மா, பட்டாம்பூச்சிதான் அவங்க படிச்சதே. கேமராவெல்லாம் எடுத்துட்டு வர்றன்னாங்க.

— நான் சாகுற வரைக்கும் இது எனக்குப் போவாது மேடம். மண்ணெண்ணெய் ஊத்தும்போது கூட அது தலையத் தூக்கிப் பாத்துச்சு. மஞ்சளா ரெண்டு கொம்பு மாதிரி நீட்டுச்சு. நான் சிரிச்சேன். ஞானஜோதியைக் கூப்புட்டு, ஏட்டி இதைப் பாரு, கொம்பால முட்ட வருதுன்னு சொல்லிச் சிரிச்சேன்.

— போதுமுங்கண்ணா.

— முப்பத்தஞ்சு வருசமும் பூச்சியைக் கொன்னுதான் எனக்குச் சம்பளம். யாரும் எங்கிட்ட இதைப் பூச்சின்னு பாக்காதடான்னு சொன்னது இல்ல. சரி, இப்ப என்ன செய்யலாம்? யானை வந்து மிதிச்சிட்டுன்னு சொல்லிருவோமா? போன மாசம் மேல டிவிசன்ல நெசமாவே வந்துச்சு.

— யானை வந்து பாறைக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போச்சுன்னு சொல்றதுங்களா?

— அதும் சரிதான். அப்ப எம்மேல போட்டுருங்க. வாச்சுமேன் கெழவன், புத்தி மழுங்குனவன், யாருகிட்டயும் கேக்காம செஞ்சிட்டான், வெரட்டி விட்டாச்சுன்னு சொல்லுங்க. எனக்கு மக வீடு இருக்கு. போய்க்கிடுதேன். பொம்பளையளு வேலை நிக்கட்டும்.

— அப்பிடி நிக்காதுங்கண்ணா. மூணு வருச முடிவுல செடி இருந்தாத்தான் ரெண்டாம் தவணை. இல்லாட்டி இந்த மாசத்தோட எல்லாருக்கும் வேலை முடிஞ்சுது. பேப்பர்ல அப்பிடித்தான் எழுதியிருக்குதுங்க. யாரு மேல தப்புன்னு கேக்க மாட்டாங்க.

— எட்டுப் பேருக்கும்?

— எட்டுப் பேருக்கும்.

— அப்ப திரும்ப ஜீப்புதான். கம்பம்மெட்டு ஏலத்தோட்டத்துக்கு. விடியறதுக்கு முன்ன ஏறணும், ஒரு ஜீப்புல பதினெட்டுப் பேரு, ஆடு மாடு மாதிரி. சந்தனமேரி மக அந்த ஜீப்பு உருண்டுதான் செத்தா. அந்தப் புள்ளையை அடக்கம் பண்ணிப் பத்து நாளுல இவ அதே ஜீப்புல ஏறிப் போனா மேடம். அன்னைக்கு நான் ரோட்டுல நின்னு பாத்தேன். கண்ணை மூடிக்கிட்டு, கம்பியைப் புடிச்சிக்கிட்டு, ஜெபமாலை சொல்லிக்கிட்டே போறா. இந்தப் பார்க்கு வந்த பொறவுதான் அவ நடந்து வேலைக்கு வாரா.

— தெரியுமுங்க. அதுக்கோசரந்தான் நான் வெளியூரு ஆளுங்கள எடுக்காம, எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல இருந்தே ஆளெடுத்தன்.

— அப்ப அந்த ஜீப்புல அவளைத் திரும்ப நான்தான் ஏத்தி விடுதேன்.

— அப்பிடிச் சொல்லாதீங்க.

— வேற எப்பிடிச் சொல்ல? வாயில வேற வரலை. மேடம், ஒண்ணு கேக்கட்டா?

— கேளுங்க.

— அந்தக் கொடி, எலை நீளமா, கசக்குனா ஒரு கெட்ட வாசனை அடிக்கும், காயி பொளந்து தொங்குனா சின்னக் கூடை கவுத்து வச்ச மாதிரி இருக்கும். அதுதான?

— அதேதானுங்க. ஏனுங்க?

— அக்கரையில கெடக்கு.

— எங்க?

— அன்னா, ஆத்துக்கு அந்தப் பக்கம், ஒடைஞ்ச நடைபாலத்துக்குக் கீழ. வெறகு பொறுக்கப் போவும்போது பாத்திருக்கேன். பாறைச் சந்துக்குள்ள இருந்து கெளம்பி, அந்த ஈத்தை மூங்கிப் பொதரு மேல பூரா ஏறிக் கெடக்கு. நாம வச்சது இல்ல, ஆதியில இருந்தே அங்கன கெடக்குறது. போன வாரம் அதுலயும் புழுவைப் பாத்தேன். இதைச் செதுக்கி முடிச்சிட்டு அதையும் ஒரு நாளு போயி அழிச்சிரணும்னுதான் இருந்தேன்.

— போலீங்கல்ல? கை வெக்கலீங்கல்ல?

— இல்ல, இல்ல. தண்ணி கூடுதலா ஓடுச்சு, போவலை.

— ஐயோ சாமி. எந்தக் கடவுளுக்குச் சொல்றதுன்னு தெரியலீங்க. அது நம்ம ரெண்டாவது கட்டத்து எடம்ணா. பஞ்சாயத்து அதையும் நமக்குத்தான் ஒதுக்கியிருக்குது. நடைபாலம் ஒடைஞ்சு போனதுல இருந்து நான் அந்தப் பக்கமே போலீங்க. பாறையிலயே இருக்குதுன்னா அங்க காசித்தும்பையும் இருக்கோணும்.

— ஊதாப் பூவா? இருக்கு. தண்ணி தெறிக்கிற எடம் பூரா இருக்கு.

— அப்பக் கேளுங்கண்ணா. பொய்யொண்ணும் சொல்ல வேண்டாம். டாக்டரம்மா வரட்டும், நடந்ததை நடந்தபடி சொல்லிப்போடலாம். என்ற மேலதான் தப்பு, நான் சொல்லிக் குடுக்கலைன்னு நான் சொல்றன். அப்பறம் அக்கரையக் காட்டலாம். அங்கிருந்து வெதை எடுத்து இங்க மறுபடி ஆரம்பிக்கறோம், இன்னொரு வருசம் குடுங்கன்னு கேக்கலாம். அந்தம்மா பூச்சி மேல பிரியமா இருக்கறவங்க. புழுவக் கண்ணுல பாத்தாங்கன்னா எரங்குவாங்க.

— நானும் சொல்லுதேன். நீங்க மட்டும் சொல்லப்பிடாது. அவிய முன்னால நின்னு, இந்தக் கையாலதான் கொளுத்துனேன்னு நானே சொல்லணும். அப்பத்தான் எனக்குக் கொஞ்சமாவது ஆறும்.

— சரிங்க. ரெண்டு பேரும் சொல்லலாம்.

— ஜீப்பு சத்தம் கேக்குது மேடம். மணி பத்தரைதான் ஆவுது, அதுக்குள்ள வந்துட்டாவளா?

— மூஞ்சியத் தொடச்சுக்கறன், இருங்க. என்னுங்க இது, ஒருத்தருதான் எறங்கறாரு. டாக்டரம்மாவக் காணோமே.

— வனிதா அல்லே? நான் ஜிபி. டிரஸ்ட்ல அட்மின் செக்சன். டின்டு டாக்டருக்கு சுகமில்லா, பனி, காய்ச்சல். அதுகொண்டு என்னை அனுப்பினாங்க. நமக்கு இந்த பூச்சி, புல்லு ஒண்ணும் தெரியாது கேட்டோ, ஃபார்ம்ல நாலு காரியம் பார்த்து டிக் போடணும், அவ்வளவுதான்.

— வாங்க சார். உக்காருங்க சார். ஃபார்ம் பாக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லோணும்.

— சொல்லலாம், சொல்லலாம். முதல்ல நான் ஒண்ணு சொல்லட்டே. எந்தா இது! எந்தொரு வெடிப்பு, எவ்வளவு சுத்தம்! நான் பாலத்துல வண்டி நிறுத்தச் சொல்லி அவிடெ இருந்தே போட்டோ எடுத்தேன். அந்த வெள்ளைப் பாறை எல்லாம் அடிபொளி! இது யாரு செஞ்சது?

— நான்தான்யா. நான் மிக்கேல்ராஜ், வாச்சுமேன்.

— சேட்டா, கை குடுங்க. நீங்கதான் ஆளு. இந்த மரமெல்லாம் ஒரே லெவல், கண்டோ, ஒரு ஒழுங்கு உண்டு. உங்களுக்குத் தெரியுமா, போன மாசம் நான் வேற ஒரு பார்க்குக்குப் போனேன், பேரு சொல்ல மாட்டேன். நம்ம காசுதான். உள்ள போனா காடு! முட்டி வரைக்கும் புல்லு. கேட்டா, இதுதான் சார் நேட்டிவ் ஹேபிடட்னு ஒரு பையன் சொல்றான். பாம்பு வந்து ஊர்க்காரங்க கம்ப்ளெயின்ட். அன்னைக்கே அங்கேயே நிறுத்திட்டேன். பதினெட்டு வேலைக்காரங்க இருந்தாங்க, பாவம், நான் என்ன செய்ய?

— பதினெட்டுப் பேரா சார்?

— பதினெட்டு. சேர்மனும் அதைத்தான் சொன்னாரு, ஜிபி, நீ செஞ்சது சரின்னு. ம், நீங்க எந்தோ சொல்லணும்னு சொன்னீங்க?

— அது வந்துங்க சார்...

— ஐயா, அதை நான் சொல்லுதேன். மேடம் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம்மேலதான். இந்த எடத்துல மொதல்ல இருந்தது...

— மிக்கேலண்ணா.

— இருங்க மேடம், சொல்லிருதேன். ஐயா, இந்தப் பாறையில மொதல்ல...

— மிக்கேலண்ணா, சாருக்குச் சாயா ஊத்துங்க.

— மேடம்?

— பிளாஸ்க்க எடுத்து, சாருக்குச் சாயா ஊத்துங்கண்ணா. வெயில்ல வந்திருக்கறாரு.

— எந்தா, தப்புன்னு சொன்னாரே?

— அதொண்ணுமில்லீங்க சார். சுண்ணாம்புக்குப் பில்லு வாங்க மறந்துட்டாரு. அதைத்தான் சொல்ல வர்றாரு.

— ஓ, அது சாரமில்லா, பரவாயில்லை! சேட்டா, அதுக்கா இந்த முகம்? நல்ல மனுசன். வனிதா, நான் இங்கேயே ஒப்பு, சைன் போடறேன். ரெண்டாம் தவணை முழுசும். கூட இன்னொரு காரியம்: அடுத்த மூணு வருசத்துக்கும் எக்ஸ்டென்சன் ரெக்கமண்ட் பண்றேன். இப்ப எத்தனை வேலைக்காரிங்க?

— எட்டு பேருங்க சார்.

— பன்னிரண்டு ஆக்கிக்கோங்க. ஒரே ஒரு காரியம். அக்கரைல அது என்ன, ஒரு பொதர்க்காடு? கீழ அந்தப் பாறை, ஈத்தை?

— அது ரெண்டாவது கட்டத்து எடமுங்க சார். அது இப்பிடியே இருக்கட்டும்னு...

— ஏய், அது பார்த்தா இந்த வியூவே போகுது. வெள்ளிக்கிழமை சேர்மன் வர்றாரு, கூட ஃபாரின்ல இருந்து டோனர் ஒருத்தரு. இதுதான் மாடல் பார்க்குன்னு நான் இப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டேன். அக்கரையும் இதே மாதிரி ஆக்கிருங்க. பாறைக்கு வெள்ளை. நடுவுல ஒரு போர்டு வைக்கலாம், 'நேட்டிவ் ஹேபிடட்'னு பெரிசா. நாளைக்கு ஒம்பது மணிக்கு எங்க ஆள் வந்து போட்டோ எடுப்பான், அதைக் கண்டுட்டுத்தான் நான் பேப்பர் மேல அனுப்பறது. செய்யலாம் அல்லே?

— ஒரு நாள்ல முடியுங்களான்னு...

— இத்தனை செஞ்ச ஆளுங்க அது செய்ய மாட்டாங்களா? முடியாதுன்னா சொல்லுங்க, நான் வேற பார்க்கைக் காட்டறேன். எனக்கு ஒண்ணும் இல்லை.

— முடியுங்க சார்.

— அதுதான்! சேட்டா, சாயா கொள்ளாம், நல்லா இருக்கு. இந்தப் பாறை பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ. சிரிக்கணும். கொஞ்சம் சிரிங்க. மதி, மதி, போதும். அப்ப நான் இறங்கட்டே, கட்டப்பனைல இன்னொண்ணு இருக்கு.

— சரிங்க சார். பாத்துப் போங்க சார்.

— ஜீப்பு வளைவு தாண்டிருச்சு மேடம். இனி பேசலாம். ஏன் என் வாயை அடைச்சீங்க?

— பதினெட்டுப் பேர நிறுத்துனேன்னு சொன்னாரு, கேட்டீங்கல்ல.

— கேட்டேன். நீங்க கொஞ்ச நேரத்துக்கு முந்தி இதே எடத்துல உக்காந்து அழுதீங்க. அதையும் பாத்தேன்.

— ஆமாங்க. அழுதன்.

— அக்கரையில புழு இருக்கு மேடம். நான் கண்ணால பாத்தேன். இங்கன இருந்தது என்னன்னு எனக்குத் தெரியாது, தெரியாமக் கொளுத்துனேன். அங்கன இருக்கறது என்னன்னு இப்ப எனக்குத் தெரியும். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.

— தெரியுமுங்க.

— கொடியை வேரோட தோண்டி எடுத்துட்டு வந்து லயத்துக்குப் பின்னால வைக்கட்டா? பானையிலயாவது?

— பாறைக்குள்ள எத்தனையோ வருசமா எறங்குன வேருங்க அது. தோண்டுனா வராது. அறுந்துதான் வரும்.

— அப்ப புழுவை?

— அதுக்குத் தின்னறதுக்கு வேற எலை இல்லீங்கண்ணா.

— அப்ப அந்த ஆளுக்குப் போன் போட்டு முடியாதுன்னு சொல்லுங்க. டாக்டரம்மாவுக்குப் போடுங்க. அவிய கேப்பாவ.

— டாக்டரம்மா கையெழுத்துப் போடறவங்க இல்லீங்க. அவங்க எழுதிக் குடுத்ததை எடுத்து வெச்சுட்டு, கையெழுத்துப் போடறது இவருதான்னு இப்பத்தானுங்க தெரியுது. இவர விட்டா நமக்கு அடுத்த மாசம் ஒண்ணுமே இல்லீங்க. சந்தனமேரியக்கா ஒண்ணாந்தேதி மறுபடி ஜீப்புல ஏறோணும். நீங்க ரோட்டுல நின்னு பாப்பீங்களா? சொல்லுங்கண்ணா.

— அதை எங்கிட்டக் கேக்காதீங்க. நான் வரலை மேடம். தெரியாமச் செஞ்சதுக்கு ஆண்டவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுவேன். தெரிஞ்சு செய்ய எனக்குக் கை வராது. கும்புட்டுக் கேக்கேன், என்னைக் கூப்புடாதீங்க.

— நீங்க வர வேண்டாமுங்கண்ணா. ஞானஜோதியக்காகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, காலையில ஆறு மணிக்கு எட்டுப் பேரும் அக்கரைக்கு வந்துரட்டும். எந்தக் கொடிய மொதல்ல புடுங்கோணும்னு நானே கூட நின்னு காட்டிக் குடுக்கறன்.